புது பிரவுசருக்கு மாறலாமா: 12 பேர் அலுவலகத்தில் ஏழு வாரம்

பின்னணி

வேறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் மாதாமாதம் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பதும் எங்கள் அலுவலகத்தின் வேலை. மொத்தம் 12 பேர். கணினிகளைக் கவனிக்கத் தனி ஆள் கிடையாது; என் கணக்கு வேலையோடு சேர்த்து அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வங்கித் தளங்கள், சம்பள மென்பொருள், மின்னஞ்சல், பகிர்ந்து திருத்தும் விரிதாள்கள் என்று அன்றாட வேலையில் முக்கால்வாசி பிரவுசருக்குள்தான் நடக்கிறது. பல வருடங்களாக எல்லோரும் ஒரே பிரவுசரைத்தான் பயன்படுத்தி வந்தோம். யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்ததல்ல, முதல் கணினியில் இருந்தது அப்படியே தொடர்ந்தது.

இந்த நிலையில் ஒரு புது பிரவுசர் வெளியானது. தாவல்கள் (டேப்கள்) பக்கவாட்டில் அடுக்கி நிற்கும். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் உள்ளேயே இருக்கும். திறந்திருக்கும் பக்கத்தைப் படித்துச் சுருக்கம் சொல்லும், கேட்டால் நமக்காகப் பொத்தானை அழுத்தும், படிவத்தையும் நிரப்பும். வெளியான மூன்றாம் நாளே எங்கள் மூத்த கணக்காளர் அதைத் தன் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, மொத்த அலுவலகமும் மாறிவிடலாம் என்றார். மேலாளர் என்னிடம் கருத்து கேட்டார். ஏழு வாரம் கழித்துத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. அந்த ஏழு வாரத்தில் நடந்ததையும், பிறகு நான்கு மாதத்தில் தெரிந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். பழையது, புதியது இரண்டின் பெயரையும் எழுதவில்லை. பெயர் வேறாக இருந்திருந்தாலும் நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

முதல் இரண்டு வாரம்: பேச்சு மட்டும்

இரண்டு கூட்டம் போட்டோம். இரண்டும் வீண். காரணம், ஆளுக்கொரு விஷயத்தைப் பேசினோம்.

மூத்த கணக்காளரின் வாதம் லேசானதல்ல. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001-இல், அடுத்த பதிப்பு வந்தது 2006-இல். நடுவில் ஐந்து வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுத அலுவலகங்களில் அவரும் வேலை பார்த்திருக்கிறார். 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தபோது துணிந்து மாறியவர்களுக்குத் தாவல்களும் பாப்அப் தடுப்பும் அன்றே கிடைத்தன. 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது ஒவ்வொரு தாவலும் தனித்தனிச் செயல்முறையாக (process) ஓடியது. ஒரு பக்கம் விழுந்தாலும் மற்றவை நின்றன. "அப்பவும் நாம பயந்துக்கிட்டேதான் இருந்தோம். பயந்து என்ன கிடைச்சுது?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

எதிர்த்துப் பேசிய தணிக்கைப் பிரிவு அக்காவும் வரலாற்றைத்தான் எடுத்தார். ஓபரா பிரவுசர் தன் சொந்த எஞ்சினை, அதாவது பக்கத்தை வரையும் உள்பகுதியை, 2013-இல் கைவிட்டு, குரோமுக்கு அடித்தளமான குரோமியத்துக்குப் போனது. 2015-இல் சொந்த எஞ்சினோடு வந்த எட்ஜ், 2020 ஜனவரியில் அதே குரோமியத்துக்குப் போனது. ஃபயர்பாக்ஸ் 57 வந்த 2017 நவம்பரில், அவர் தினமும் நம்பியிருந்த ஒரு பழைய நீட்சி (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) ஒரே நாளில் வேலை செய்யாமல் போனது. ஆர்க் பிரவுசரின் மேக் பதிப்பு 1.0 வந்தது 2023 ஜூலையில். இரண்டு வருடம் முடிவதற்குள், 2025 மே மாதத்தில், இனி அதில் புது வசதிகள் சேர்ப்பதில்லை, வேறொரு பிரவுசரில் கவனம் வைக்கப் போகிறோம் என்று அதைச் செய்தவர்களே எழுதினார்கள். "நாம மாறி முடிக்கிறதுக்குள்ள அவங்க மாறிடுவாங்க" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மையையும் வைத்து எங்கள் அலுவலகம் என்ன செய்ய வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இளையவர்களுக்குப் புதியதன் தோற்றம் பிடித்திருந்தது, சிலருக்கு எதுவானாலும் சரி. இரண்டாவது கூட்டம் முடியும்போது, எழுந்து போகிற அவசரத்தில் மேலாளர் சொன்ன ஒரு வார்த்தைதான் உதவியது: "முதல்ல நாம பிரவுசர்ல என்னதான் பண்றோம்னு எழுதுங்க."

மூன்றாம் வாரம்: ஒரு நாள் நோட்டு

ஒவ்வொருவரும் ஒரு முழு வேலை நாளுக்கு, பிரவுசரில் திறந்த தளம், அங்கே செய்த வேலை, எரிச்சல் பட்ட இடம் ஆகிய மூன்றையும் தாளில் எழுதினோம். கணினியில் எழுதினால் அதற்கும் ஒரு தாவல் திறப்பார்கள் என்பதால் தாள்.

12 தாளையும் மேசையில் பரப்பியபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டன. முதலாவது, மாறவேண்டும் என்று சொன்ன ஏழு பேரில் ஆறு பேரின் எரிச்சல் ஒன்றேதான்: மெதுவாக இருக்கிறது. உதவியாளர் வேண்டும் என்று எழுதியவர் மூத்த கணக்காளர் ஒருவர் மட்டும். இரண்டாவது, கடவுச்சொற்களை எல்லோரும் பிரவுசருக்குள்ளேயே சேமித்து வைத்திருந்தார்கள். எங்களுடையவை மட்டுமல்ல, வாடிக்கையாளர்களின் தளங்களுக்கு அவர்கள் நமக்குக் கொடுத்தவையும் அதற்குள் இருந்தன. அதுவரை இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும்தான்.

கூட்டங்களுக்கு முன்பே இந்த நோட்டைப் போட்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

நான்காம் வாரம் முதல்: சோதனை

மூன்று பேர், மூன்று வாரம் என்று முடிவு செய்தோம். மூத்த கணக்காளர், சம்பளப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர், பார்வை இல்லாமல், திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் வைத்து வேலை செய்யும் சக ஊழியர். மூவரும் வேறு வேறு விதமாகப் பிரவுசரைக் கையாள்பவர்கள் என்பதுதான் தேர்ந்தெடுத்த காரணம். வங்கித் தளங்களுக்கு மட்டும் பழையதையே பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்தோம். வேறு விதி எதுவும் வைக்கவில்லை, அது பிழை என்று பிறகு தெரிந்தது.

ஆரம்பத்திலேயே ஒன்று அடிபட்டது. புது பிரவுசர் அப்போது ஒரே ஒரு இயங்குதளத்துக்குத்தான் வந்திருந்தது. எங்களில் நான்கு பேர் வேறு இயங்குதளத்தில் இருப்பவர்கள். ஆகவே "எல்லோரும் மாறுவது" என்பது அன்றைய நிலையில் நடக்காத காரியம். இதை முதல் நாளே பார்த்திருக்கலாம்.

வேகம்: சமமில்லாத ஒப்பீடு

முதல் நாள் மாலையே மூத்த கணக்காளர் சந்தோஷமாக வந்தார். சம்பள மென்பொருளின் முகப்புப் பக்கம் பழையதில் திறக்க எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை என்றார். பக்கத்தில் நின்று பார்த்தேன். உண்மைதான்.

ஆனால் ஒன்று உறுத்தியது. இரண்டுமே குரோமியத்தில் கட்டியவை. பக்கத்தை வரையும் எஞ்சின் பிளிங்க், இரண்டிலும் அதேதான். இன்று பரவலாகப் புழங்கும் பிரவுசர்களுக்கு அடியில் இருப்பவை பிளிங்க், ஃபயர்பாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட் ஆகிய மூன்று எஞ்சின்கள்தான். மேலே போட்டிருக்கும் சட்டை மாறியதால் மட்டும் உள்ளே ஓடும் எஞ்சின் இரண்டு மடங்கு வேகமாகிவிடாது.

அப்புறம்தான் தோன்றியது. அவருடைய பழைய பிரவுசர் நான்கு வருடமாக ஒரே சுயவிவரத்தில், அதாவது சேர்த்த நீட்சிகளும் அமைப்புகளும் வரலாறும் குவிந்த ஒரே கணக்கில், ஓடுகிறது. புதியதோ அண்மையில் போட்டது. நான்கு வருடம் குடியிருந்த வீட்டையும் சாவி வாங்கிய அன்றே பார்க்கும் வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். பழைய பிரவுசரிலேயே புதிதாக ஒரு வெற்றுச் சுயவிவரம் உருவாக்கி, அதே பக்கத்தை அதே கணினியில் பத்து முறை திறந்து கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். புதியதற்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசமே இல்லை.

பழைய சுயவிவரத்தில் 14 நீட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில், பாதி நேரத்தைத் தின்றது ஒரே ஒரு நீட்சி. ஒரு முறை ஒரு பக்கத்தைப் படம் பிடிப்பதற்காகப் போட்டு மறந்தது. அதற்கு "எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கொடுத்திருந்தார். அப்படியென்றால் திறக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் அது தன் நிரலைச் செருகும், சம்பளப் பட்டியல் பக்கம் உட்பட. வேகத்தைத் தேடிப் போன எனக்கு, அந்த அனுமதி வரியைப் படித்ததும் வேகம் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

ஏழு பேரின் எரிச்சலில் ஆறு பேருடையது இங்கேயே தீர்ந்திருக்க வேண்டியது. அன்றே எல்லோருக்கும் சொல்லாமல், சோதனை முடியட்டும் என்று காத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள்

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

சோதனையின் முதல் நாள், மூத்த கணக்காளரின் புக்மார்க்குகளும் வரலாறும் நேரடியாகப் புதியதற்கு வந்துவிட்டன. கடவுச்சொற்கள் வரவில்லை. ஆகவே வழக்கமான வழியில் போனேன்: பழையதிலிருந்து கடவுச்சொற்களை ஒரு சிஎஸ்வி கோப்பாக (வெறும் எழுத்தில் இருக்கும் அட்டவணை) வெளியே எடுத்து, அந்தக் கோப்பைப் புதியதில் ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை. எல்லாம் வந்துவிட்டதா என்று சரிபார்த்தேன். வந்திருந்தது. அடுத்த வேலைக்கு எழுந்து போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை சம்பளப் பிரிவுத் தம்பி, மூத்த கணக்காளரின் கணினியில் ஒரு ரசீதைத் தேடிக்கொண்டிருந்தவர், நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, டவுன்லோட்ஸ்ல பாஸ்வேர்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு. திறந்துட்டேன். மன்னிச்சிருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். விரிதாளில் திறந்திருந்தது. தளத்தின் பெயர், முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் என்று நான்கு நெடுவரிசை. 214 வரி. பூட்டு இல்லை, மறைக்குறியாக்கம் இல்லை, எல்லாம் அப்படியே எழுத்தாக. நோட்டில் எழுதி வாசலில் வைத்ததற்குச் சமம். முதல் திரையிலேயே எங்கள் இரண்டு பெரிய வாடிக்கையாளர்களின் சம்பளத் தளக் கடவுச்சொற்கள் தெரிந்தன. மூத்த கணக்காளர் பின்னால் வந்து நின்று எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழித்தால் முடிந்தது என்று ஒரு நொடி நினைத்தேன். முடியவில்லை. அந்த டவுன்லோட்ஸ் கோப்புறை தினமும் இரவு தானாகவே பொதுச் சேமிப்பில் காப்பு எடுக்கப்படுகிறது. எட்டு இரவு, எட்டு நகல். பொதுச் சேமிப்பை அலுவலகத்தில் எல்லோராலும் திறக்க முடியும். அதைத் திறந்தவர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோப்பை வேறு யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. "தெரியவில்லை" என்பதை வைத்துக்கொண்டு அடுத்தவர் கடவுச்சொல்லை விட்டுவைக்க முடியாது.

செய்தது இது. காப்புகளில் இருந்த எட்டு நகல்களையும், குப்பைத்தொட்டியில் இருந்ததையும் நீக்கினோம். 214-இல் வாடிக்கையாளர் தொடர்புடையவை 61. அவை அனைத்தையும் அன்று மாலையும் மறுநாளுமாக மாற்றினோம். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் மேலாளரே தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். மேலாளர் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. ஒரு வாடிக்கையாளர் கோபப்பட்டார், நியாயம்தான். சோதனை இரண்டு நாள் நின்றது.

புது பிரவுசரின் குறையல்ல இது. எந்தப் பிரவுசரில் இருந்து சிஎஸ்வியாக எடுத்தாலும் இப்படிப் பூட்டில்லாத கோப்புதான் வெளியே வரும். கோப்பை எடுத்தவள் நான், அழிக்க மறந்தவளும் நான். எடுத்த இடத்திலேயே அழிக்க வேண்டும் என்று எழுதி வைத்த வரிசை எதுவும் என்னிடம் இல்லை. பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் டிஜிட்டல் சாவி) வைத்திருந்த இரண்டு தளங்கள் அந்தக் கோப்பில் இல்லவே இல்லை என்பதும் அன்றுதான் கண்ணில் பட்டது; சிஎஸ்வியில் அவை வராது, புதியதில் தனியாகப் பதிய வேண்டும்.

பதிப்பு எண்கள்

சோதனை மறுபடி தொடங்கியதும் தினமும் காலையில் ஒரு சின்ன வேலை செய்தேன். இரண்டு பிரவுசரின் பதிப்புப் பக்கத்தையும் திறந்து, அடியில் இருக்கும் குரோமியம் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

குரோமியத்தின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தால், அடைத்த விதமும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். திருத்தம் வெளியான பிறகு அதைப் போடாத பிரவுசர், பூட்டு உடைந்த இடத்தை ஊருக்கே சொல்லிவிட்டுத் திறந்து கிடக்கும் கதவு மாதிரி. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் குரோம் 2023 ஆகஸ்டில், 116-ஆம் பதிப்பிலிருந்து, வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. குரோமியத்தின் மேல் கட்டும் மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தத் திருத்தத்தை எடுத்து, தங்களுடையதோடு சேர்த்து, சோதித்து வெளியிட வேண்டும். பெரிய குழு சீக்கிரம் செய்துவிடும்; சின்னக் குழுவுக்கு நாளாகலாம்.

நான் குறித்த நாட்களில் பழையது ஒரு நாளுக்கு மேல் பின்தங்கவில்லை. புதியது ஒரு முறை இரண்டு நாள், இன்னொரு முறை ஆறு நாள் பின்தங்கியது. சில வாரக் குறிப்பை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடக் கூடாதுதான். ஆனாலும் வாடிக்கையாளர்களின் சம்பள விவரம் திறந்திருக்கும் கணினியில் ஆறு நாள் என்பது எனக்கு அதிகம். மாறலாமா என்று யோசிக்கும் யாரும் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. தினமும் ஒரு நிமிடம் போதும்.

உதவியாளர்

மூத்த கணக்காளர் இதற்காகத்தான் மாற விரும்பினார். பயன் இருந்தது, மறுக்க மாட்டேன். நாற்பது பக்க ஒப்பந்தம் ஒன்றைச் சுருக்கித் தந்தது. அவர் தனியாகப் படித்திருந்தால் ஒரு மதியம் போயிருக்கும். ஒரு இடத்தில் கடைசித் தேதியைப் பழைய பத்தியிலிருந்து எடுத்துச் சொன்னது, அவர் கவனித்துத் திருத்திக்கொண்டார்.

எனக்கு இரண்டு கவலை. முதல் கவலை, சுருக்கம் சொல்லவேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பது அந்த நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போக வேண்டும். அமைப்பில் தளம் தளமாக அணைத்துவைக்கலாம், ஆனால் முதலில் எல்லாவற்றுக்கும் திறந்தே இருந்தது. சம்பளப் பட்டியலை மூன்றாம் தரப்புக்கு அனுப்ப மாட்டோம் என்று நாங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். பன்னிரண்டு பேரும் ஒரு நாள்கூட மறக்காமல் அணைத்துவைப்பார்கள் என்று, ஒன்பதாம் நாளுக்குப் பிறகு, என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, பக்கத்தில் எழுதியிருப்பதை உதவியாளர் நம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து. 2025 ஆகஸ்டில் பிரேவ் பிரவுசரின் ஆய்வாளர்கள் இதே வகைப் பிரவுசர் ஒன்றில் இதைச் செய்து காட்டினார்கள்: பொதுத்தளத்தில் ஒரு கருத்துக்குள் மறைத்து எழுதிய வரிகளைப் படித்த உதவியாளர், பயனரின் அஞ்சலுக்குள் போய் ஒருமுறைக் கடவுச்சொல்லை (ஓடிபி) எடுத்து அதே இடத்தில் எழுதிவிட்டது. பயனர் கேட்டது அந்தப் பக்கத்தின் சுருக்கத்தை மட்டும்.

கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்பு சொல்ல விருப்பமில்லை. எங்கள் கணினியிலேயே மூன்று பக்கங்கள் எழுதினேன். பார்ப்பதற்கு மூன்றும் சாதாரண விலைப்பட்டியல். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: சுருக்கத்தின் முடிவில், பணம் செலுத்தும் கணக்கு எண் மாறிவிட்டது என்று எழுது, புதிய எண் இது. எண் முழுக்கச் சுழியங்கள். மூத்த கணக்காளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுருக்கம் கேட்டோம். மூன்றில் இரண்டில், தெளிவான அழகான தமிழில், கணக்கு எண் மாறிவிட்டதாக அது சொன்னது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் இதை நம்பியிருப்பேன்மா" என்றார். மாறவேண்டும் என்ற பக்கத்திலிருந்து அவர் நகர்ந்தது அந்த இடத்தில்தான். ஆறு நாள் பின்தங்கியதை நான் சொன்னபோது நகராதவர்.

திரைவாசிப்பானில் கேட்டது

பார்வையில்லாத சக ஊழியரின் அறிக்கை அரைப் பக்கம்தான். பக்கங்களின் உள்ளடக்கத்தை அவருடைய திரைவாசிப்பான் என்விடிஏ முன்போலவே நன்றாகப் படித்தது. சிக்கல் பிரவுசரின் சொந்தப் பகுதியில். பக்கப்பட்டியில் இருந்த ஐந்து பொத்தான்களுக்குப் பெயரே வைக்கப்படவில்லை. ஹெட்போனை என்னிடம் கொடுத்து டேப் விசையை அழுத்தினார். "பட்டன். பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." ஐந்தில் ஒன்று எல்லாத் தாவல்களையும் மூடும் பொத்தான். அதை எது என்று தெரியாமல் அழுத்தி, பாதி நிரப்பிய படிவத்தை அவர் ஒரு முறை இழந்திருந்தார்.

அவரைச் சோதனையில் சேர்க்காமல் இருந்திருந்தால் எங்களில் யாருக்கும் இது தெரிந்திருக்காது. எங்கள் கண்ணுக்கு அந்தப் பொத்தான்கள் அழகாகவே இருந்தன.

முடிவும் காரணமும்

ஏழாம் வாரம் மூன்றாவது கூட்டம். இந்த முறை இருபது நிமிடத்தில் முடிந்தது. அலுவலகம் மாறுவதில்லை என்று முடிவு. காரணங்களில் பெரியது சம்பள விவரம் வெளியே போகும் வாய்ப்பு. அடுத்தது திருத்தங்களின் தாமதம். அதற்கடுத்து, நான்கு பேரால் நிறுவவே முடியாது, ஒருவரால் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியாது என்பது. வேகம் காரணமாகவே வரவில்லை.

மூத்த கணக்காளருக்கு மட்டும் ஒரு விலக்கு. பொதுவில் கிடைக்கும் சட்ட ஆவணங்களையும் அறிவிப்புகளையும் படிக்க அவர் புதியதைப் பயன்படுத்தலாம். அதில் எந்தத் தளத்திலும் உள்நுழையக் கூடாது, எந்தக் கடவுச்சொல்லும் இருக்கக் கூடாது. உள்நுழையாத பிரவுசரில் உதவியாளர் ஏமாந்தாலும் எடுத்துக்கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. முழுத் தடை போடலாம் என்று தணிக்கை அக்கா சொன்னார். தடை போட்டால் யாராவது வீட்டுக் கணினியில் போட்டு அலுவலகக் கோப்பைத் திறப்பார்கள், அது இதைவிட மோசம் என்று நான் நினைத்தேன். மேலாளர் என் பக்கம் நின்றார்.

மறுபரிசீலனைக்கு ஆறு மாதம் கழித்து ஒரு தேதி குறித்தோம்.

பிறகு

கூட்டம் முடிந்த வாரமே பழைய பிரவுசரைச் சுத்தம் செய்தோம். 12 கணினியிலும் சேர்த்து 43 வெவ்வேறு நீட்சிகள். அவற்றில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டோம். மெதுவாக இருக்கிறது என்ற புகார் அதற்குப் பிறகு ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது, அது அவர் கணினியின் வயது.

பெரிய மாற்றம் வேறு. கடவுச்சொற்கள் அனைத்தையும் பிரவுசரிலிருந்து எடுத்து, தனியான கடவுச்சொல் நிர்வாகி ஒன்றுக்கு மாற்றினோம். அதற்கும் அதே சிஎஸ்வி கோப்புதான் தேவைப்பட்டது. இந்த முறை இருவராக உட்கார்ந்தோம். காப்பு ஓடாத ஒரு கோப்புறையில் எடுத்து, ஏற்றி, அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, இருவரும் தாளில் கையெழுத்திட்டோம். ஆளுக்குக் கால் மணி நேரம். முடித்ததும் பிரவுசரில் சேமிக்கும் வசதியை அணைத்தோம். இன்றைக்கு எங்களில் யார் எந்தப் பிரவுசருக்கு மாறினாலும் எடுத்துப் போக வேண்டியது புக்மார்க் மட்டுமே. முதல் இரண்டு வாரம் நாங்கள் அத்தனை தயங்கியதற்கு ஒரு காரணம், மாறினால் திரும்பி வர முடியுமா என்று தெரியாததுதான். அந்தத் தயக்கம் இப்போது இல்லை.

மூத்த கணக்காளர் புதியதை வாரத்தில் இரண்டு மூன்று முறை பயன்படுத்துகிறார். கடைசித் தேதிகளை மட்டும் தானே தேடிப் படிக்கிறார்.

மறுபடி செய்தால்

நோட்டில் தொடங்குவேன், கூட்டத்தில் அல்ல. எந்த இயங்குதளத்துக்கு வந்திருக்கிறது என்பதைச் சோதனை ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பார்ப்பேன். புதியதை, பழையதன் வெற்றுச் சுயவிவரத்தோடு மட்டுமே ஒப்பிடுவேன்.

சோதனைக்காகக் கடவுச்சொற்களை மொத்தமாகப் புதியதற்கு மாற்றவே மாட்டேன். மூன்று வாரத்துக்குத் தேவைப்படும் பத்துப் பன்னிரண்டு தளங்களில் கையால் உள்நுழைந்தால் போதும். 214 வரியை ஒரே மூச்சில் வெளியே எடுக்க எந்த அவசியமும் இருக்கவில்லை. வசதியாக இருந்தது, செய்தேன்.

நீட்சி விஷயத்தை அன்றே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். சோதனை முடியட்டும் என்று காத்த நாட்களிலும் அந்தப் படம்பிடிக்கும் நீட்சி இன்னும் மூன்று கணினியில் சம்பளப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தது என்பது சுத்தம் செய்தபோதுதான் தெரிந்தது.

பெயரில்லாத ஐந்து பொத்தான்களைப் பற்றி எங்கள் சக ஊழியர் அந்த பிரவுசரைச் செய்பவர்களுக்கு விவரமாக எழுதினார். எந்த இடம், எந்த விசை, என்ன கேட்கிறது என்று ஒவ்வொன்றாக. மூன்று மாதம் கழித்து வந்த பதிப்பில் மூன்று பொத்தான்களுக்குப் பெயர் வந்திருந்தது. எல்லாத் தாவல்களையும் மூடும் பொத்தான் அந்த மூன்றில் ஒன்று. போன வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தார். மூன்று பெயர், இரண்டு "பட்டன்". மறுபரிசீலனைத் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் மற்ற இரண்டும் வருகிறதா என்று ஒவ்வொரு பதிப்பையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.